தாய்மாமன் வாங்கிய மூழ்காத படகு

ஒரு காட்டில் ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு கரை இருந்ததுதான் இந்தக் கதைக்குக் காரணம். இந்தக் கரையில் சடையாண்டி என்ற முள்ளம்பன்றி இருந்தது. அக்கரையில் அதன் தங்கை செவ்வந்தி வாழ்க்கைப்பட்டிருந்தது. பாலம் கிடையாது. சடையாண்டிக்கு நீச்சலும் கிடையாது.

ஒருநாள் செவ்வந்தி போன் செய்தது.

"குட்டிக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். அடுத்த மாசம் முதல் வெள்ளி, பத்தரைக்குள்ள. வளைகாப்புக்கு வரலை, பேர் வைக்கிறதுக்கு வரலை. இதுக்கும் வரலேன்னா எனக்கு அண்ணன்னு யாரும் இல்லைன்னு நினைச்சுக்கறேன்."

முள்ளம்பன்றிகளின் வழக்கப்படி, குட்டி தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் முதுகில் பிடுங்கிய முள்ளால்தான் காது குத்த வேண்டும். ஆள் போகாமல் ஆகாது.

ஆகவே சடையாண்டி ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கியது. உள்ளே முழுக்க ஃபோம் நிரப்பிய படகு. கவிழ்ந்தாலும் மிதக்கும், இரண்டாக அறுத்தாலும் மிதக்கும் என்றது விற்ற குரங்கு. படகுத்துறைக்கு அதிகாரியான கொக்கு வந்து பார்த்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு சீட்டு ஒட்டியது: 'பயணிகள்: இருவர்.'

இப்படி மொட்டைப் படகில் போய் இறங்கினால் தங்கையின் புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று குரங்கு கேட்டது. சடையாண்டி அதுவரை அதை யோசித்ததில்லை. அதன்பிறகு வேறெதையும் யோசிக்கவில்லை.

முதலில் மேற்கூரை. பிறகு சுழலும் மெத்தை நாற்காலி. சடையாண்டி அதில் சாய்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. எழுந்தபோது ஒரு முள் மெத்தையிலேயே தங்கிவிட்டது.

"இருக்கட்டும்ணே. உங்க நாற்காலின்னு ஒரு அடையாளம்" என்றது குரங்கு.

கொக்கு தண்ணீர் மட்டத்தை அலகால் அளந்தது. பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, 'பயணிகள்: ஒருவர்' என்று ஒட்டியது.

"ஏன் சார் குறைச்சீங்க?"

"படகு இறங்கியிருக்கு."

"ஃபோம் நிரப்பினது சார். மூழ்காது."

"மூழ்காதுதான்" என்றது கொக்கு.

அடுத்து இரண்டு ஸ்பீக்கர். அதற்கொரு பேட்டரி. கலர் விளக்கு. அதற்கொரு பேட்டரி. மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி.

"நான் மீனே சாப்பிடறதில்லையேப்பா."

"சாப்பிடாட்டி என்னண்ணே, எங்க இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கலாமே."

டம்ளர் வைக்க நான்கு வளையம். கடைசியாக, எந்தக் கரை என்று சொன்னால் படகைத் தானே ஓட்டிப் போகும் கருவி. ஒவ்வொன்றுக்கும் குரங்கு துளை போட்டது, பசை வைத்தது. காய்ந்தால் கழற்றவே முடியாத பசை. கொக்கு மறுபடி வந்து, 'பயணிகள்: அரை ஆள்' என்று ஒட்டிவிட்டுப் போனது. சடையாண்டி வயிற்றை எக்கிப் பழகத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை காலை. சடையாண்டி வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு துறைக்கு வந்து படகில் ஒரு காலை வைத்தது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. காலை எடுத்தது. படகு எழும்பியது. மற்றக் காலை வைத்துப் பார்த்தது. அதே தண்ணீர்.

கொக்கு புதுச் சீட்டு ஒட்டியது: 'பயணிகள்: இல்லை.'

"மூழ்காதுன்னு சொன்னியேடா!" என்று சடையாண்டி குரங்கிடம் கத்தியது.

"படகு மூழ்கலையேண்ணே. உங்களுக்குள்ள ஃபோம் இல்லை. அதுக்கு நான் என்ன பண்றது?"

"எல்லாத்தையும் கழட்டு."

"பசைண்ணே."

மணி பத்து. அக்கரையில் மேளம் கேட்டது. சடையாண்டி பிறகு சீர்த்தட்டைப் படகில் வைத்தது.

"சீராவது போய்ச் சேரட்டும்."

கருவியிடம் கரையைச் சொன்னது. படகு பாட்டுப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் விளக்கெரித்துக்கொண்டு நேராகப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

பத்தே முக்காலுக்கு போன் வந்தது. செவ்வந்தியின் குரலில் கோபமே இல்லை.

"அண்ணே, நல்லபடியா முடிஞ்சுது. வந்து நின்ன அழகைப் பார்த்து எங்க மாமியாருக்கு வாயே மூடலை."

"நான்தான் வரலையேம்மா."

"அதான் படகு வந்துச்சே. குட்டியை அந்த நாற்காலியில உட்கார வச்சோம். மெத்துன்னு இருந்துச்சா, அழவே இல்லை. முள்ளுக்கு என்ன பண்றதுன்னு முழிச்சோம். பார்த்தா, மெத்தையிலேயே குத்தி அனுப்பியிருக்க. எவ்வளவு யோசனைண்ணே உனக்கு!"

சடையாண்டி முதுகைத் தடவிப் பார்த்தது. ஒன்றைத் தவிர எல்லா முள்ளும் அங்கேயே இருந்தன.

"படகை எப்பம்மா அனுப்புவ?"

"ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்ணே. இப்பதானே வந்திருக்கு."

அடுத்த வருடம் இரண்டாவது குட்டிக்குக் காதுகுத்து வந்தது. பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் படகின் பதிவு எண் இருந்தது. அதன் கீழே, பொடி எழுத்தில், 'உரிமையாளர்: சடையாண்டி.'

நீதி: நம்மைவிட மெத்தென்று இருக்கும் எதையும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பாதீர்.