சகலையின் உருகுநிலை

தனிமங்கள் பொறாமைப்படுவதில்லை. தங்கத்தைப் பார்த்து ஈயம் வயிறெரிந்ததாக வரலாறு கிடையாது. நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களும் அட்டவணையில் அவரவர் கட்டத்தில், அவரவர் எண்ணோடு, பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்க்காமல் குடியிருக்கின்றன. மனித குலம் அவற்றிடம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுவே.

ஆய்வு நிலையத்தின் ஆண்டு மலரில் இப்படி எழுதியவர் மூத்த ஆய்வாளர். மலர் வெளிவந்த அதே வாரம், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அவர் தன் சகலையின் ஆய்வறையிலிருந்து எடுத்த உலோகத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடைவழியில் நின்றிருந்தார்.

எதிரில் சகலை நின்றிருந்தான்.

"அண்ணா! உங்களைத் தேடித்தான் வந்துக்கிட்டிருந்தேன்."

மூத்தவர் ஓரடி பின்வாங்கினார். "என்னையா? எதுக்கு?"

"மாமனார் விஷயம்தான். புது பீரோ வாங்கியிருக்காரு. ஞாயித்துக்கிழமை ரெண்டாவது மாடிக்கு ஏத்தணுமாம். நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா..."

பீரோவின் நீளம், படிக்கட்டின் அகலம், திருப்பத்தில் அதை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று சகலை கைகளால் அளந்து காட்டத் தொடங்கினான். மூத்தவர் தலையாட்டினார். சட்டைப் பைக்குள் ஏதோ கனமாக வழிவதை உணர்ந்து, வலது கையை மெல்ல நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். அதுதான் தப்பு.

பையில் இருந்தது காலியம். பார்த்தால் வெள்ளிக் கட்டி. இருபத்தொன்பது புள்ளி ஏழு ஆறு டிகிரியில் உருகிவிடும். குளிரூட்டிய அறையில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், உள்ளங்கையில் வைத்தால் வெண்ணெய். ஒரு பக்கம் மூத்தவரின் நெஞ்சு, மறுபக்கம் அவர் கை.

"நெஞ்சைப் பிடிச்சிருக்கீங்களே, வலியா அண்ணா?"

"இல்லப்பா. மாமா மேல ஒரு பாசம்."

"முகமெல்லாம் வேர்க்குது. உக்காருங்க. சட்டைப் பட்டனைக் கழட்டி விடுறேன்."

"தொடாதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் நடைவழியின் கடைசி அறைக் கதவு திறந்து மூடியது. "அதாவது... பீரோ எத்தனை அடின்னு சொன்னே?"

அவர் அந்தத் துண்டை எடுத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலிக்கு யார் என்பது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிவாகும். தகுதியுள்ளவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். மூத்தவர் அக்காவை, சகலை தங்கையை. மூத்தவர் வேலைக்குச் சேர்ந்தபோது சகலை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே தான் வேலை பார்ப்பதா? அதற்குப் பிறகு மாமனார் வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?

இருவருக்கும் வேலை ஒன்றுதான்: காலியத்தைச் சுத்தப்படுத்தி, எவ்வளவு சுத்தம் என்று அளப்பது. அளக்கும் முறை எளிது. துண்டைச் சூடாக்கிக்கொண்டே வெப்பநிலையைக் கோடாக வரைய வேண்டும். சுத்தமான தனிமம் உருகத் தொடங்கினால், கடைசித் துளி உருகும் வரை வெப்பம் ஏறாது. கோடு படுத்த படுக்கையாக நேராகக் கிடக்கும். அழுக்கு இருந்தால் கோடு சரியும். மூத்தவர் எட்டு மாதமாகப் பிள்ளை மாதிரி வளர்த்த துண்டு, சாய்வு நாற்காலி மாதிரிதான் கோடு போட்டது. சகலையின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல இருப்பதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் முன்னிலையில் அவன் அதைச் செய்து காட்டப்போகிறான்.

நிஜமாகவே அவ்வளவு நேரா? ஒரு மணி நேரம் தன் அறைக்குக் கொண்டு போய் அளந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? குப்பியில் சகலையின் கையெழுத்து இருந்ததால் குப்பியை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் எடுத்தார். அதைத் திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. ஒப்பாய்வு என்று நினைத்தார்.

சகலையின் பேச்சில் பீரோ ஒருவழியாக இரண்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும், மூத்தவர் தன் அறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினார். கைக்குட்டை வெள்ளிக் குளமாகியிருந்தது. பையின் தையலில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டிய முதல் பாத்திரத்தில் அத்தனையையும் பிழிந்து ஊற்றினார். பெருமூச்சு விட்டார். பிறகு புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுக்கப் போனார்.

அன்றைய பாடம் காலியத்தின் குணங்கள். இருபது வருடமாக எடுக்கும் பாடம்.

"கவனிங்க. காலியத்தை எதுல வேணும்னாலும் வைங்க, அலுமினியத்துல மட்டும் வைக்காதீங்க. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள புகுந்து எலும்பையே..."

அங்கே நிறுத்தினார்.

"எலும்பையே என்ன சார்?" என்றாள் முன் வரிசைப் பெண்.

"அரிச்சிடும்" என்று வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டே சொன்னார். அவர் ஊற்றியது அவருடைய சாப்பாட்டு டப்பாவில். அலுமினிய டப்பா. மனைவியின் அம்மா கொடுத்தது.

தூக்கினார். டப்பாவின் அடிப்பாகம் மேஜையிலேயே இருந்தது. பக்கச் சுவரைத் தொட்டார். நமத்துப்போன பிஸ்கட் மாதிரி விரலோடு வந்தது.

மிஞ்சியதை ஒரு கண்ணாடிக் குப்பியில் வழித்துச் சேர்த்து ஐஸ் தண்ணீரில் வைத்தார். உறையட்டும், உறைந்ததும் கொண்டு போய் வைத்துவிடலாம். அரை மணி ஆயிற்று. அது தளதளவென்று அப்படியே இருந்தது. உருகிய காலியத்துக்கு அப்படி ஒரு பிடிவாதம் உண்டு. எவ்வளவு குளிர்ந்தாலும் சும்மா உறையாது. அதன் சொந்தக்காரத் துகள் ஒன்று, கட்டியாக, மேலே விழ வேண்டும்.

கட்டிக் காலியம் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவருடைய எட்டு மாதம்.

பெட்டியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்தில் கடுகளவு சுரண்டினார். "உனக்கு என்னோடதுல பங்கு வேற" என்று சகலையை மனதாரத் திட்டியபடி குப்பியில் போட்டார். போட்ட இடத்திலிருந்து பனி பரவுவது போல உறையத் தொடங்கியது. மூத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். உறையும்போது பெருப்பது காலியத்தின் இன்னொரு குணம். இன்றைய வகுப்பில் அடுத்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது. குப்பி நாலாகப் பிளந்திருந்தது.

இப்போது அவர் கையில் இருந்தது: கொஞ்சம் காலியம், கொஞ்சம் டப்பா, கைக்குட்டை நூல், கண்ணாடித் தூள். உலகத்தின் எந்த நிபுணரும் இதைச் சுத்தமான தனிமம் என்று சொல்ல மாட்டார். மணி மூன்று. சகலை நாலு மணிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் அறையைப் பூட்டுவான்.

சகலையின் குப்பி காலியாக இருந்தால் விசாரணை வரும். துண்டு தொலைந்தால் யாருக்கு லாபம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதற்கு வழுக்கையும் கண்ணாடியும் உண்டு.

மூன்றரை மணிக்கு மூத்த ஆய்வாளர் தன்னுடைய எட்டு மாதத் துண்டைச் சகலையின் குப்பியில் வைத்து மூடிவிட்டு, யாரையோ வழியனுப்பிவிட்டு வருகிறவர் போல நடந்து வந்தார்.

வீட்டில் மனைவி முதலில் கேட்டது: "டப்பா எங்கே?"

"தொலைஞ்சு போச்சு."

"டப்பா எப்படிங்க தொலையும்? அதுக்கென்ன காலா இருக்கு? சட்டையில என்ன இது, வெள்ளை வெள்ளையா?"

"ஆராய்ச்சி."

"தங்கச்சி வீட்டுக்காரரும்தான் ஆராய்ச்சி பண்றாரு. காலையில போட்ட சட்டை சாயங்காலம் அப்படியே வருதாம். டப்பாவைக் கழுவியே கொண்டு வருவாராம்."

கழுவிய டப்பா ஒன்று மூத்தவர் நெஞ்சில் இரவெல்லாம் உருண்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. இயக்குநர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கருவியின் முன் உட்கார்ந்தார். கண்டிப்பான பெண்மணி, இருபது வருடத்தில் அவர் எதையும் 'நல்லா இருக்கு' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. சகலை துண்டை வைத்து மூடினான். மூத்தவர் சுவரோரம் நின்றார். 'கோடு சரியணும், நல்லா சரியணும்' என்று வேண்டிக்கொண்டார். தான் பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன் அந்த நகரத்தில் அன்று அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

சகலை அவசரப்படவில்லை. சூட்டை ஒரு பொட்டு ஏற்றுவான், கையைக் கட்டிக்கொள்வான். கோடு ஏறியது. இருபத்தொன்பது புள்ளி ஏழு ஆறில் நின்றது. படுத்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம் அசையவில்லை.

"நல்லா இருக்கு" என்றார் இயக்குநர்.

மூத்தவருக்குக் காது அடைத்தது.

"நல்லா இருக்குன்னு சொல்றதே கம்மி. இவ்வளவு நேரான கோடு இந்த இடத்துல வந்ததே இல்ல."

"எனக்கே ஆச்சரியமா இருக்கு மேடம்" என்றான் சகலை. "போன வாரம் பாத்ததை விட நேரா வந்திருக்கு."

"எப்படிப்பா?" மூத்தவரின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஒண்ணுமில்லண்ணா. மெதுவா சூடேத்தணும். நடுவுல மூடியைத் திறந்து திறந்து பாக்கக் கூடாது. பாத்தா வெளிக்காத்து பட்டு, கோடு சரியும். துண்டு மேல தப்பே இருக்காது."

எட்டு மாதமாக மூத்தவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தவர்.

"நீங்களும் இவர்கிட்ட கத்துக்கலாம்" என்றார் இயக்குநர் அவரைப் பார்த்து.

'அது என்னோடது!' என்று தொண்டை வரை வந்தது. என்னோடது என்றால் உன்னோடது அங்கே எப்படிப் போனது என்பார்கள். அவனுடையது எங்கே என்பார்கள். மேஜை இழுப்பறையில், டப்பாவோடு கலந்து இருக்கிறது என்று சொல்ல வேண்டும். விழுங்கினார். கைதட்டவும் செய்தார். தன் துண்டுக்குக் கிடைத்த பாராட்டைப் பார்த்து அதற்கு முன் யாரும் அவ்வளவு வயிறெரிந்திருக்க மாட்டார்கள்.

அறைக்கு வந்து யோசித்தார். நாலு மணிக்கு அவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அது முடிந்த கதை. தான் தோற்றதாகப் பதிவாகும். தங்கை அக்காவுக்குப் போன் போடுவாள். ஆனால் நாலு மணிக்கு முன்னாலேயே தானே விலகிவிட்டால்? அது தோல்வி இல்லை, தியாகம். மாமனார் வீட்டில் தோற்றவனுக்கு ஒரு இலை என்றால் தியாகிக்கு ரெண்டு.

காகிதத்தை எடுத்தார். 'வளரும் தலைமுறைக்கு வழிவிடுவதே மூத்தோர் கடன் என்பதால், பிரிவுத் தலைவர் பதவிக்கான என் விண்ணப்பத்தை முழு மனதோடு திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதினார். 'முழு மனதோடு' என்பதை அடிக்கோடிட்டார். படித்துப் பார்த்தார்; அவருக்கே அவர் மேல் மரியாதை வந்தது.

மூன்று இருபதுக்கு அலுவலக எழுத்தர் முன் போய் நின்றார். விண்ணப்பங்களை வாங்கி அடுக்கி வைக்கும் அம்மா அவர். சுருக்கெழுத்து மாதிரி பேசுவார்.

"இதுக்கு முத்திரை போட்டுடுங்கம்மா. நேரத்தோட."

அந்த அம்மா படித்தார். மறுபடியும் படித்தார். "நல்லா யோசிச்சீங்களா சார்? முத்திரை விழுந்தா திரும்ப எடுக்க முடியாது. விதி."

"எடுக்கிற பழக்கம் எனக்குக் கிடையாதும்மா."

முத்திரை 'தொப்' என்று விழுந்தது. மூத்தவர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் மூடித் திறப்பார்கள்.

"அப்புறம், என் சகலை வந்தா நான் விலகினதை நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது. இனிமே அவன்தானே தலைவர். போட்டியே இல்லாம ஆக்கிட்டேன்."

எழுத்தர் கோப்பைத் திறந்து அவருடைய கடிதத்தை உள்ளே வைத்தார். அதற்குக் கீழே ஒரே ஒரு தாள் இருந்தது.

"இந்தப் பதவிக்கு விண்ணப்பம் போட்டது நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார்.