இல்லாத நாய்

உலான்பாத்தர் நகரத்து வடக்கு மேட்டில், பலகை வேலிக்குள் வட்டக் கூடாரம் போட்டு வாழும் ஏழை ஜனங்களுக்கென்று ஒரு வார்டு அலுவலகம் உண்டு. பெண்களைப் பாதுகாப்பது என்று அந்த அலுவலகம் அந்த ஆண்டு முடிவெடுத்தது. முடிவெடுத்த மறுநாளே தலைவர் கோம்போ முதல் கதவு திறக்கிறவர் வரை எல்லோரும் கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு கட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். துண்டு கட்டாதவன் பெண்களுக்கு எதிரி என்று பேச்சு கிளம்பியதால், மேட்டில் பெண்டாட்டியை அடிக்கிறவர்களும் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டார்கள். உயங்காவின் புருஷன் பத்ஹுயாக்குக்கு அந்த நிறம் மிகவும் எடுப்பாக இருந்தது.

உயங்காவுக்கு இருபத்து நான்கு வயது, மகள் நோமினுக்கு நான்கு. பத்ஹுயாக் குடித்தால் அடிப்பான். குடிக்கக் கிடைக்காவிட்டால் அதற்காக அடிப்பான். இந்த முறை பிள்ளையின் பக்கமும் கை திரும்பியது. அதனால்தான் அவள் பயந்து பயந்து போலீசுக்குப் போன் போட்டாள்.

சார்ஜென்ட் தெம்பரெல் உடனே வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. கதவைத் தட்டுவது அந்த ஊரில் மரியாதை இல்லை என்பதால், யார் வீட்டுக்குப் போனாலும், அங்கே நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் செய்கிற மாதிரி, வேலியோரம் நின்று உரக்கக் கூப்பிட்டார்.

"நாயைப் பிடிங்க."

உள்ளே ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. பத்ஹுயாக் கவிழ்ந்த முக்காலியை நிமிர்த்தினான், தலையை வாரினான், பால் டீயை அடுப்பில் ஏற்றினான். "வாங்க சார்ஜென்ட், உள்ள வாங்க" என்றான். சார்ஜென்ட் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு அறிக்கை எழுதினார்: "மேற்படி இல்லத்தில் அமைதி நிலவக் காணப்பட்டது. தேநீரில் உப்பு அளவோடு இருந்தது."

உயங்கா மறுநாள் கோம்போவின் மேஜை முன்னால் நின்றாள்.

"போலீஸ் வெளிய நின்னு கூப்பிடாம நுழையணும்னு சொல்றியாம்மா? நமக்குன்னு ஒரு பண்பாடு வேண்டாமா?"

"கூப்பிட்டா என் வீட்டுக்காரரு எல்லாத்தையும் சரி பண்ணிடறாரு தலைவரே."

"சரி பண்றாருன்னு நீயே சொல்றே. அப்புறம் எதுக்குப் புகார்?"

"என் தாடையைப் பாருங்க."

"பார்க்கிறேன். அறிக்கையில தாடை இல்லையே." கோப்பைப் புரட்டினார். "அது கிடக்கட்டும். உங்க வீட்ல நாய் இருக்கா?"

"இல்லை."

"பார்த்தியா. இல்லாத நாயைப் பிடிக்கச் சொன்னதா ஆயிடுச்சு. கோப்பே தப்பு. நாய் இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வா."

"எங்க வாங்கணும்?"

"இங்கதான். கொடுக்கிற அம்மா பெண்கள் பாதுகாப்பு ஊர்வலத்துக்குப் போயிருக்காங்க. அடுத்த வாரம் வா."

திரும்பும் வழியில் தண்ணீர் வாங்கும் இடத்தில் பக்கத்து வேலித் தோல்கோரைப் பார்த்தாள். தோல்கோர் கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கேனை மூடினாள்.

"அப்ப அவன் கையை நிறுத்தினது போலீசு இல்லைடி. அந்த நாய்தான்."

"எங்க வீட்ல நாயே இல்லையே அக்கா."

"இருக்கிற போலீசுக்கு அது எவ்வளவோ தேவலை."

அன்று சாயங்காலம் உயங்கா வீட்டில் கிண்ணம் உடைகிற சத்தம் கேட்டதும், வேலிக்கு வெளியே தோல்கோர் நாயைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். கை நின்றது, தலை படிந்தது, டீ கொதித்தது. வந்தவளுக்கு ஊற்றாமல் இருக்க முடியாது. தோல்கோர் மூன்று கிண்ணம், அதுவும் ஊதி ஊதி, முட்டிவலியைப் பற்றி விலாவாரியாகப் பேசிக்கொண்டே குடித்தாள். பத்ஹுயாக் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான்.

அதன்பிறகு தோல்கோரின் மருமகன் குரல் உயர்ந்தால் உயங்கா போய்க் கூப்பிட்டாள். மூன்றாம் வீட்டுக்கு நான்காம் வீடு போனது. ஒரு மாதத்தில் சந்து முழுக்க வீட்டுக்கு வீடு விருந்தாளி. ராத்திரிச் சாப்பாடு இறங்காத அளவுக்குப் பெண்கள் வயிற்றில் டீயாகவே நிறைந்திருந்தது.

அலுவலகம் சும்மா இருக்குமா? கணக்கெடுத்தது. புகார் குறைந்திருந்தது, விருந்தாளிகள் கூடியிருந்தார்கள். கோம்போ பூரித்துப்போனார். வீட்டுக்கொரு விருந்தினர் பதிவேடு கதவோரம் தொங்கவிடப்பட்டது: வந்தவர் பெயர், வயது, வந்த நோக்கம். "நாகரிக உபசாரத்தில் முதன்மையான வார்டு" என்று மாநகரம் ஒரு கேடயம் அறிவித்தது.

கேடயம் வாங்கும் நாளன்று, மேடையில் நின்று துண்டு ஆட்டுவதற்காகச் சந்துப் பெண்கள் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். உயங்கா பெயர் மட்டும் பட்டியலில் இல்லை.

"படத்துல நல்லா விழணும் பாரு. உன் தாடை ஆறட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் கோம்போ.

பஸ் போன பிறகு சந்தில் காற்று மட்டும் இருந்தது. மத்தியானமே பத்ஹுயாக் ஆரம்பித்துவிட்டான். உயங்கா வேலிப் பக்கம் காதை வைத்திருந்தாள். முக்காலி கவிழ்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. தோல்கோர் அக்கா அந்நேரம் நகரத்து மேடையில் பெண்களின் பாதுகாப்புக்காகத் துண்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் கை மேலே போனது. பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்ள உயங்கா கையை நீட்டினாள். பிள்ளை அங்கே இல்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது.

வெளியே, தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு ஒரு சின்னக் குரல்:

"நாயைப் பிடிங்க."

கை நின்றது. பழக்கம் அப்படி. அவன் தலையை வாரினான், முக்காலியை நிமிர்த்தினான். "வாங்க, உள்ள வாங்க" என்றான்.

நோமின் வாசற்படியை மிதிக்காமல் தாண்டி வந்தாள். விருந்தாளிகள் உட்காரும் மேற்குப் பக்கம் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினாள். பத்ஹுயாக் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். வாங்க என்று சொல்லியாகிவிட்டது. ஊற்றினான். அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"முட்டி ஒரே வலியா இருக்கு" என்றாள். பிறகு, "இன்னொரு கிண்ணம்."

மூன்று கிண்ணத்துக்குப் பிறகு அவன் கண் சொருகியது. உயங்கா பதிவேட்டை எடுத்து, விதிப்படி எழுதினாள். வந்தவர்: நோமின். வயது: நான்கு. நோக்கம்: டீ குடிக்க.

ஆண்டு விழாவில் கோம்போ அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "நம் வார்டில் குழந்தைகள்கூடத் தங்கள் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாக வரும் அளவுக்கு உபசாரம் தழைத்திருக்கிறது."

ஆரஞ்சுத் துண்டுகள் அசைய அரங்கமே கை தட்டியது. தட்டிய கைகளில் பாதி, அந்த நேரத்துக்கு வேறு வேலை இல்லாத கைகள்.