ஓமலூர் சம்பந்தியின் சுழல்பந்து

சேலம்,
சனிக்கிழமை

அன்புள்ள மச்சான் பிரான்சிஸ் அவர்களுக்கு,

மாதா புண்ணியத்தில் இங்கே உங்கள் அக்கா இன்னாசிமேரி முதல் எல்லோரும் சுகம். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நம்ம ஜெனிட்டாவுக்கு வந்த ஓமலூர் வரனைப் பார்க்க இன்று போனேன். கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கல்யாணத்துக்கு அப்புறமும் நர்ஸ் வேலைக்குப் போவேன், அவருக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வாங்கப்பா." கேட்கத்தான் போனேன் மச்சான். ஆனால் கதவைத் திறந்த பையனின் அப்பா யார் தெரியுமா? மாநில அணிக்குச் சுழல்பந்து போட்ட நம்ம செபஸ்தியான். காலேஜைக் கட் அடித்துவிட்டு வெயிலில் காய்ந்துகொண்டு யார் ஆட்டத்தைப் பார்த்தேனோ, அந்த மனுசன் பனியனோடு நின்று "வாங்க சம்பந்தி" என்கிறார். முட்டி போனதும் ஆட்டத்தை விட்டவர், இப்போது போர்வெல் போடும் ரிக் லாரிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறார். ஆனால் விரல் அப்படியே இருக்கிறது மச்சான். ஷோகேஸிலிருந்து பழைய பந்தை எடுத்தார், என் கையில் ஒட்டடைக் கம்பைக் கொடுத்தார், கூடத்திலேயே நிற்கச் சொன்னார், நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். செருப்பு ஸ்டாண்டு பக்கம் போன பந்து தரையில் குத்தித் திரும்பி, எனக்குப் பின்னால் ஸ்டம்பாக வைத்திருந்த ஸ்டூலில் அடித்தது பாருங்க, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. செபஸ்தியான் கையால் அவுட் ஆகக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா? டிவியைப் பத்திரமாக நகர்த்தி வைத்த பையன்தான் மாப்பிள்ளை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஜெனிட்டாவின் கேள்வி அதற்கும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் என்ன, இப்பேர்ப்பட்ட மனுசன் வளர்த்த பிள்ளை மறுப்பானா? இறங்கியதும் நேரே பங்குச் சாமியாரைப் பார்த்து, நாளைப் பூசையிலேயே இன்னாருக்கு இன்னார் என்று ஊரறியக் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டேன். நிச்சயத்துக்கு முன்னால் ஓலையா என்று தயங்கினார், நான் விடவில்லை. தாய்மாமன் நீங்கள் அடுத்த ஞாயிறு நிச்சயத்துக்குக் குடும்பத்தோடு வந்து நிற்க வேண்டும்.

மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மச்சான் சவரிமுத்து

பி.கு.: ஞாயிறு மதியம். வர வேண்டாம் மச்சான். பூசையில் சாமியார், ஜெனிட்டாவை மணக்க இருப்பவர் ஓமலூர் செபஸ்தியான் என்று வாசித்தார். நான் கொடுத்த பெயர்தான். பையன் பெயர் பெனடிக்டாம். கோயிலே சிரித்தது. ஜெனிட்டா வாசலிலேயே நின்று பையனுக்குப் போன் போட்டு, தன் கேள்வியைத் தானே கேட்டாள். முழுச் சம்மதம் என்றானாம். இவள்தான், "எங்கப்பா உங்கப்பாவைத்தாங்க பார்த்துட்டு வந்திருக்காரு. உங்களை நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.