எரியாத சரக்கு

நிலைபேறான தொழில்முயற்சியில் ஒரு குழு எப்படி உருவாகிறது, எப்படி வெற்றி பெறுகிறது என்று உலகத்து அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, கண்டி மாநகரம் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. குழுவில் அவரவருக்கு ஓர் இடம். அவரவர் இடத்தில் அவரவர். இந்தச் சூத்திரத்தை வகுத்த மேதை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பொன்னுத்துரை முதலாளி.

எழுபத்தேழாம் ஆண்டுத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் அவருடைய புடைவைக்கடை ஒரே மாலையில் சாம்பலானது. சூடு கண்ட பூனைதான். ஆனாலும் மனிதர் வியாபாரத்தை விடவில்லை. எரியாத சரக்கு எது என்று ஆராய்ந்தார். ஈரக் குப்பை எரியாது! கண்டிச் சந்தையின் அழுகல் மரக்கறியை வாரிவந்து, கலஹா பஸ் போகும் பாதையோரம் குழி வெட்டி மக்கவைத்து, பசளைக் கம்பெனி தொடங்கினார்.

அடுத்தது "குழுவாக்கம்". மூளை, பொன்னுத்துரை. கை, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பாப்பம்மா. குழியில் இறங்கிப் பசளையைக் கிண்டுபவள். மூன்றாமவர் சிங்களவரான டிக்கிரி பண்டா. அவர் காசும் போடவில்லை, வேலையும் செய்யவில்லை, பெயரைத் தந்தார். "பண்டா பசளை" என்று சிங்களத்தில் ஆளுயரப் பலகை எழுந்தது. அந்தக் காலத்தில் அதைவிடக் கனமான முதலீடு எந்த வங்கியிலும் கிடையாது.

"கிண்டுறது நான்தானேங்கய்யா? எம்பேரயும் ஒரு ஓரமா போடுங்க," என்றாள் பாப்பம்மா.

"உனக்கேன் பலகை? உன்ர இடம் குழியடியில எப்பவும் இருக்கு," என்றார் பொன்னுத்துரை பெருந்தன்மையுடன்.

எண்பத்து மூன்று ஆடியில் குழுவுக்குச் சோதனை வந்தது. பெற்றோல் கலன்களோடு கூட்டம் திரண்டது. பொன்னுத்துரையும் பாப்பம்மாவும் குழிக்குள் பாய்ந்து பசளையை மேலே இழுத்து மூடிக்கொண்டார்கள். பண்டா பலகையடியில் கைகளை விரித்து நின்றார். உண்மையைச் சொல்லவேண்டும்: அவர் ஓர் அடிகூட நகரவில்லை. "இது என்னுடையது!" என்று சிங்களத்தில் கத்தினார். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டது. நிலைபேறு நிரூபணமானது.

பாப்பம்மா போக்கிடமின்றிக் குழியடியிலேயே தங்கினாள். பொன்னுத்துரை அகதி முகாம், கப்பல், யாழ்ப்பாணம் என்று அலைந்துவிட்டுத் தை மாதம் திரும்பினார். அவருடைய கதிரையில் பண்டா இருந்தார்.

"எழும்பும் பண்டா. நான் வந்திட்டன்."

பண்டா எழும்பவில்லை. குரலில் மட்டும் நிஜமான வருத்தம் இருந்தது.

"முதலாளி, அன்னைக்கி அத்தன பேருக்கு முன்னால இது என்டதுன்னு சொன்னேன். பொலிசுக்கும் அப்படித்தான் சொன்னேன். இப்ப இல்லேன்னா நான் பொய்க்காரன் ஆகமாட்டேனா?"

"அது என்னைக் காப்பாத்தச் சொன்னதெல்லோ!"

"காப்பாத்தினேன்தானே?"

உயிரைக் காத்தவனிடம் கம்பெனியை எப்படிக் கேட்பது? கேட்காமல் எப்படிப் பிழைப்பது? பொன்னுத்துரைக்கு வயிறு எரிந்தது. அந்தக் கம்பெனியில் எரியக்கூடியது அது ஒன்றுதான்.

"அப்ப நான் எங்கை போறது?"

"எங்கயும் போகவேணாம். ஒங்கட எடம் குழியடியில எப்பவும் இருக்கு," என்றார் பண்டா, அதே பெருந்தன்மையுடன். "திரும்பக் கலவரம் வந்தாலும் தூரம் ஓடத் தேவல்ல."

பொன்னுத்துரை குழியடிக்குப் போனார். பாப்பம்மா நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. ஒரு மண்வெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, சற்று ஒதுங்கி நின்றாள்.

"வாங்கய்யா. நீங்க எனக்குக் குடுத்த எடம்தானே, ரெண்டு பேருக்குத் தாராளமா இருக்கு."