மகள் செய்த கிட்டாரின் உறுமல் அடங்கிய விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே உங்கள் அக்கா நலம், மகள் நலம். நானும் நலம்தான், வலது கையில் இரண்டு விரல்கள் நீங்கலாக. சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கக் கூடாது என்பதை அவை நேரில் தெரிந்துகொண்டன. அங்கே வீட்டிலும் உங்கள் மோட்டார் ரிப்பேர் கடையிலும் எல்லோரும் சுகம் என்றே நம்பி, மேற்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது, பழைய சாப்பாட்டு மேசைப் பலகையை அறுத்து மகள் தன் கையாலேயே செய்த மின்சாரக் கிட்டாரைப் பார்த்தீர்கள். பார்த்தது மட்டுமா, கேட்கவும் கேட்டீர்கள். அவள் வாசிக்காதபோதே அது “ம்ம்ம்ம்” என்று உறுமிக்கொண்டிருந்தது. “அத்தான், இது கிட்டார் இல்ல, டிரான்ஸ்பார்மர். இது உறுமாம வாசிக்கட்டும், அந்த ஸ்பீக்கர் பெட்டியை என் தலையிலயே தூக்கிட்டு காலேஜ் மேடைக்கு வர்றேன்” என்று சொன்னீர்கள். உங்கள் அக்கா சாட்சி. நானோ எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன், கரண்ட் விஷயத்தில் உங்களிடம் வாய் கொடுக்க முடியுமா? சிரித்து வைத்தேன். மகள் சிரிக்கவில்லை. அவள் கவலை அவளுக்கு. கல்லூரி இசைக்குழுவை நடத்தும் ஆசிரியர் அவளிடம், “நீ நல்லாத்தான் வாசிக்கிற, ஆனா பாட்டு நிக்கிற இடத்துல எல்லாம் உன் கிட்டார் தனியா பாடுது. வியாழக்கிழமைக்குள்ள அது வாயை மூடணும், இல்லேன்னா கல்லூரி கிட்டாரை எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டார். இவள், கல்லூரி கிட்டாரை வாசிக்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், நான் என்னுடையதை வாசிப்பேன், இல்லாவிட்டால் கீழே உட்கார்ந்து கை தட்டுகிறேன் என்று பதில் சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பிடிவாதம் உங்கள் குடும்பத்துச் சொத்து.

அப்புறம் வீடு வீடாக இல்லை. முதலில் டியூப் லைட்தான் குற்றவாளி என்று அதை அணைத்தோம், பிறகு மின்விசிறி, பிறகு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜை அணைத்தது நினைவிருந்தது, திரும்பப் போடுவது நினைவில்லை, பால் திரிந்ததற்கு நான் வாங்கியதை எழுத இந்தத் தாள் போதாது. அதற்கும் உறுமல் நிற்காததால், மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் மெஷின் மோட்டார்தான் காரணம் என்று முடிவுகட்டி, நியாயம் கேட்க மேலே போனேன். அந்த மெஷின் ஓடியே பதினைந்து நாளாகிறதாம். சண்டைக்குப் போனவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன், அது இப்போது நம் கூடத்தில் இருக்கிறது, நீங்கள் வரும்போது பார்த்துச் சரி செய்து கொடுக்கவும். இதற்கிடையில் மகள் கிட்டாரின் உள்குழியை எல்லாம் அடுப்படியில் இருந்த அலுமினியத் தாளால் ஒட்டி மூடினாள். ஸ்விட்சைப் போட்டாள். அப்படி ஒரு அமைதி. நான் துள்ளிக் குதித்து உங்களுக்குப் போன் போடப் போனேன். உங்கள் அக்காதான், “வாசிச்சாலும் சத்தத்தைக் காணோமே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க” என்றாள். தாளின் ஓரம், சத்தம் வெளியே வரும் வயரைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். தாளை நறுக்கினாள், சத்தம் வந்தது, கூடவே உறுமலும் வந்தது.

அப்போதுதான் என் கைராசி வெளிப்பட்டது. கிட்டாரில் ஸ்பீக்கர் வயரைச் செருகும் உலோக வளையத்தை நான் தற்செயலாகத் தொட்டேன், உறுமல் பொட்டென்று அடங்கியது. கையை எடுத்தேன், உறுமியது. மைத்துனரே, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேடையில் அவள் வாசித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே குனிந்து அதைத் தொட்டுக்கொண்டு நிற்கத் தயார் என்று சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “கம்பியைத் தொடுங்கப்பா” என்றாள். தொட்டேன், அடங்கவில்லை. “அப்போ கம்பிக்கு எர்த் வரலை” என்றாள். இரண்டே தொடுதலில் கண்டுபிடித்துவிட்டாள்! மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள், வளையம் வரைக்கும் பீப் சத்தம் வந்தது, கம்பிகள் வந்து மாட்டும் இரும்புத் தகட்டில் வைத்தால் மூச்சே இல்லை. நாலு திருகையும் கழற்றித் தகட்டைத் தூக்கினாள்.

உள்ளே என்ன இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். எர்த் வயரின் நுனியைப் பிரித்து, தகட்டுக்கு அடியில் படும்படி அவள் ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள். அதன்மேல் நான் போட்ட மூன்று கோட் வார்னிஷ், கண்ணாடி மாதிரி, என் முகமே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் தொழில் கொள்கை. கரண்ட் வார்னிஷைத் தாண்டாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மகள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். “கோட் நல்லா விழுந்திருக்குப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தாள். தகட்டை மாட்டியதும் பீப் வந்தது, உறுமல் போனது. வியாழக்கிழமை கிட்டார் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கல்லூரிக்குப் போனேன். ஆசிரியர் ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, என்னம்மா கோளாறு என்று விசாரித்தார். “எர்த் லூஸ் சார்” என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தையல்காரம்மாவிடமும் தன் சால்டர்தான் சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்காத மனசு அது. மூன்று கோட் போட்டாலும் இந்தப் பளபளப்பு வராது.

ஆகையால் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை கல்லூரி அரங்கத்தில் கச்சேரிக்குக் குடும்பத்தோடு வந்து சேரவும். பெட்டி பதினாறு கிலோ. சும்மாடு கட்ட நல்ல துண்டாக ஒன்று கொண்டுவரவும். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு அன்பையும், உங்கள் கழுத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தையும் சொல்லவும்.

இப்படிக்கு,
கிட்டார் செய்தவளின் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சிறு விஷயம். இன்று காலை மகள் வெளியே போயிருந்தபோது, தூசி துடைக்கலாம் என்று அந்தத் தகட்டைக் கழற்றினேன். தேய்த்த இடம் சொறி பிடித்த மாதிரி இருந்தது. வெறும் செம்பு வயரை அப்படியே விட்டால் பச்சை பூத்துவிடுமே என்று ஒரே ஒரு கோட், அதுவும் மெல்லிசாகத்தான். அவள் வந்து ஸ்விட்சைப் போட்டாள். “ம்ம்ம்ம்.” மறுபடி தேய்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அறைக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடிதத்தை அனுப்பவா, கிழிக்கவா என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். “அனுப்புங்கப்பா. மாமா பெட்டியைத் தூக்கட்டும். நீங்க பிரஷ்ஷைக் கீழே போடுங்க” என்றாள்.