முப்பத்தையாயிரம் டன்னும் எங்கள் இருபத்து நாலு அடியும்

தோணிரேவு,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் கிருஷ்ணன் அவர்களுக்கு, தசரதன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை தேவகி சுகம், மகள் மஞ்சு அதைவிடச் சுகம், நான் மட்டும் சுகமில்லை. மீஞ்சூரில் நீங்கள் சுகமாகத்தான் இருக்க வேண்டும். திட்டு வாங்கத் தெம்பு வேண்டுமே.

கப்பல் கட்டும் படிப்பு படிக்கிற பெண்ணுக்குப் போன பொங்கலில் போர்க்கப்பல் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தீர்களே, அதுதான் வினை. அந்தக் காலத்தில் பெரிய நாடுகள் கூடி, போர்க்கப்பல் முப்பத்தையாயிரம் டன்னைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்களாம். அதற்குள்ளேயே பெரிய பீரங்கி, கனத்த கவசம், வேகம் மூன்றும் வேண்டும் என்று கப்பலை வரைந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். உடைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன? ஆனால் நம்ம ஊரிலும் ஒப்பந்தம் இருக்கே மச்சான்! படகு இருபத்து நாலு அடியைத் தாண்டினால், ஏரியில் முறை வைத்து வலை போடுகிற நம்ம பாடு ஒரு வருஷத்துக்குப் போச்சு. "நைனா, அதே கணக்குதான், புதுப் படகை நான் வரைஞ்சு தரேன்"னா மஞ்சு. பெத்த பாசம், தலையாட்டிட்டேன்.

நேத்து ஃபைபர் படகு வந்து இறங்குச்சு. ஐயையோ! வலை, ஐஸ் பெட்டி எல்லாம் முன்னாடியே குவிஞ்சு கெடக்கு. இன்னாம்மா இதுன்னா, "பிரெஞ்சுக்காரன் பெரிய பீரங்கியெல்லாம் முன்னாடியே வெச்சான் நைனா. கவசம் போடற நீளம் கொறையும், மிச்ச எடை இஞ்சினுக்கு"ங்கறா. இஞ்சினைச் சுத்தியும் ஐஸ் பெட்டியைச் சுத்தியும் முக்கால் அங்குல கனம். நான் உக்கார்ற எடம்? அப்பளம்! "முக்கியமானதுக்கு மட்டுந்தான் கவசம் நைனா"ன்னு பெத்த அப்பன் மூஞ்சியப் பாத்து சொல்றா. ஓட்டிப் பாத்தோம், பறந்துச்சு, அது வாஸ்தவம். கரையில நின்ன ஊர்த்தலைவர் மணிகண்டன், "இருபத்து நாலு அடியில இந்த ஸ்பீடா? இன்னாவோ ஏமாத்து! நாளைக்கு அளக்கறோம்"னுட்டார். பாடு போனா ஒரு வருஷம் இன்னாத்த துன்றது? ஒடனே வந்து புத்தகத்தத் தூக்கினு போங்க. அவளுக்கு உங்க ஃபேக்டரியில ஒரு வேலை பாருங்க.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுசோடு, புத்தகம் எதுவும் படிக்காமல், நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு, உதறலுடன்,
தசரதன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அளந்துட்டாங்க. நம்ம படகு சரியா இருபத்து நாலு அடி, ஒரு விரல் அகலம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. மஞ்சு சும்மா இருந்தாளா? அதே டேப்பை எடுத்துக்கினு ஊர்ப் படகெல்லாம் அளந்துட்டா. தலைவருது இருபத்தேழரை. மிச்சது ஒண்ணுகூட இருபத்தாறுக்குக் கொறையல. "கையெழுத்துப் போட்டுட்டு டன் கணக்குல பொய் சொன்ன நாடும் உண்டு நைனா"ன்னு சிரிக்கிறா. நீங்க வர வேணாம், வேலையும் பாக்க வேணாம். ஊர் கூடித் தீர்ப்பு சொல்லிடுச்சு: பாடு நம்மளுதுதான், ஆனா ஊரோட ஒத்துப் போகணுமாம், பத்து நாளுக்குள்ள மஞ்சு நம்ம படகை மூணு அடி நீட்டியாகணும்.