பத்து நிமிடக் கஞ்சியும் பறிபோகவிருக்கும் முதல் குடமும்

பெருநகர்,
ஆடி மாதம், புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

பெருநகர் கீழண்டைத் தெரு பொ. தாமோதரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவியின் வலது கையைத் தவிர மற்ற எல்லோரும் நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். தாங்கள் அச்சிடுவதைச் சமைத்துச் சாப்பிட வேண்டிய கட்டாயம் தங்களுக்கு இல்லையே.

வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் கூட்டம் போடுகிறார்கள். அதற்குள் "தவறு முழுவதும் எங்களுடையது, தாமோதரன் மேல் குற்றமில்லை" என்று தங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கடிதம் எனக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் என் பாட்டன் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இருக்கும் முதல் குடம் என் பங்காளி வேதகிரி வீட்டுக்குப் போய்விடும். தாங்கள் பட்டணத்துக்காரர், முதல் குடம் என்றால் தெரியாது. ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது வீட்டுக்கு ஒரு குடம் கூழ் வரும். எல்லாவற்றையும் கோயில் வாசலில் ஒரே அண்டாவில் கலந்து ஊருக்கு ஊற்றுவார்கள். அந்த அண்டாவில் முதலில் சாய்வது எங்கள் குடம். என்னிடமிருந்து நிலம் பாதி போயிற்று, மாடு போயிற்று, பல்லும் போய்க்கொண்டிருக்கிறது. இது ஒன்றுதான் போகாமல் இருந்தது. தங்கள் இதழோடு இலவசமாக வந்த "வீட்டிலேயே எளிதாக: முப்பது நாள், முப்பது சிற்றுண்டி" என்ற குட்டிப் புத்தகம் அதற்கும் வழி செய்துவிட்டது.

நடந்தது இது. மூன்று வாரத்துக்கு முன் உத்திரமேரூர் சந்தைக்குப் போய் வரும்போது, என் வண்டி நிற்பதற்கு முன்பே ராணியம்மாள் இறங்கிவிட்டாள். விழுந்தாள் என்று ஊரில் சொல்கிறார்கள்; இறங்கினாள் என்பதே உண்மை. வலது கையில் மாவுக்கட்டு. மகன் தினேஷ்குமார், தினமும் பரோட்டா வாங்கி வந்துவிடுகிறேன் என்றான். நான் உயிரோடு இருக்கும்வரை ராத்திரிச் சாப்பாடாகப் பரோட்டா இந்த வீட்டு வாசற்படி தாண்டாது என்றேன். மருமகள் சுதா ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவள். அவள், "அப்ப யாரு மாமா ஆக்குறது?" என்றாள். "நான்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன வாயை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் அச்சில் வந்ததை அப்படியே செய்யத் தெரிந்தவன். மோட்டாரோடு வந்த சிறு புத்தகத்தைப் படித்தே மோட்டாரைப் பிரித்துப் பூட்டியவன். அது இன்றைக்கும் தண்ணீர் இறைக்கிறது. தங்கள் புத்தகத்தையும் அந்த நம்பிக்கையோடுதான் பிரித்தேன். முதல் நாள் ரவைக் கிச்சடி. "உப்பு: சுவைக்கேற்ப" என்று போட்டிருந்தீர்கள். யார் சுவைக்கு? வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டேன். ராணியம்மாள் அரைக் கரண்டி என்றாள், சுதா ஒன்று, மகன் ஒன்றரை, பேத்தி திவ்யா "எனக்கு வோணாம் தாத்தா" என்றாள். ஒருவர் சொல்லையும் தட்டாமல் மூன்று கரண்டியும் போட்டேன். மறுநாள் அவல் வடை, "பொன்னிறமாகும் வரை பொரிக்கவும்." எங்கள் வீட்டில் கண்ணுக்கு எதிரே இருக்கும் பொன் ராணியம்மாளின் மூக்குத்திதான். முப்பது வருடம் அடுப்புப் புகையில் இருந்தது. அந்த நிறம் வரும்வரை பொரித்தேன். மூன்றாம் நாள் "சூடாகப் பரிமாறவும்" என்று இருந்ததால், ஷிப்டு முடித்து வந்து படுத்திருந்த சுதாவை எழுப்பிப் பரிமாறினேன். அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுதுவது மரியாதையாக இருக்காது. ராணியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்து, "இன்னா பண்ணிக்கினு கீற? அது தோசைக்கல்லு, ரோடு போடறதுக்கு வெச்சிகீற மாரி கீது" என்று காலை முதல் ஒலிபரப்பு செய்துகொண்டிருந்தாள். கட்டுப் போட்டது கைக்குத்தான்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். வந்தது கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமையே ராணியம்மாள், "கேவுரு மாவ கரைச்சு வெச்சிடு, புளிக்கணும். மறந்துடப் போற" என்றாள். நான் மறக்கவில்லை. தங்கள் புத்தகம் இருபத்திரண்டாம் பக்கத்தில் "கேழ்வரகுக் கஞ்சி, பத்தே நிமிடத்தில். நான்கு பேருக்கு. முன்னேற்பாடு தேவையில்லை" என்று போட்டிருக்கிறது. முன்னேற்பாடு தேவையில்லை என்று தாங்கள் அச்சில் உறுதி சொன்ன பிறகு, இரண்டு நாள் முன்பே மாவைக் கரைத்து வைப்பது தங்களை அவமதிப்பதாகும் அல்லவா? வெல்லமும் தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் அதில் இருப்பதைப் பார்த்தேன். பொங்கல் வைத்தால் அம்மன் இனிப்பு சாப்பிடுகிறாள். கஞ்சியில் மட்டும் கசக்கவா போகிறது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் குடம் அறுபது பேருக்கு ஊற்றும். நான்கு பேருக்குப் பத்து நிமிடம் என்றால் அறுபது பேருக்கு நூற்றைம்பது நிமிடம். இந்தக் கணக்கில் தாங்கள் ஒரு பிழை காட்டுங்கள் பார்க்கலாம். நாலு ஏலக்காய்க்கு அறுபது ஏலக்காய். ராணியம்மாள் கோயிலுக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து முருங்கைக்கீரையை வாயால் ஆய்ந்துகொண்டிருந்ததால் வீட்டில் தொந்தரவு இல்லை. விறகடுப்பில் இரண்டரை மணி நேரம் ஒரு நிமிடம் குறையாமல் கொதிக்கவிட்டேன். கிளறியதில் ஒரு துடுப்பு உடைந்தது. சூடாகவே குடத்தில் அடைத்து, வேப்பிலை செருகி, மஞ்சள் கயிறு கட்டி, சுதா தலையில் ஏற்றினேன்.

பாதி வழியில் அவள், "மாமா, நான் ஆடினாலும் உள்ள ஒண்ணும் ஆடலியே. இன்னா போட்டீங்க?" என்றாள்.

"பக்தி" என்றேன்.

கோயில் வாசலில் பம்பை அடிக்க, பூசாரி எங்கள் குடத்தை வாங்கி அண்டாவில் சாய்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே பிடித்தார். "இன்னா தாமோதரா, வெறுங்கொடத்தக் கொடுத்து கீறியா?" என்றார். வேதகிரி வந்து குடத்தின் அடியில் நாலு அடி அடித்தான். தொபுக்கென்று விழுந்தது. விழுந்தது அண்டா நடுவில் குடத்தின் வடிவத்திலேயே, கழுத்தும் வயிறுமாக, பளபளவென்று தலைகீழாக நின்றது. பக்கத்தில் இருந்த ஆண்டாளம்மாளுக்குக் கண்ணில் புரை. அம்மனே எழுந்தருளியதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் போட்டுக்கொண்டார்கள்.

கரண்டி இறங்காததால் அரிவாள்மணை கொண்டுவந்தார்கள். முதல் துண்டு அம்மனுக்கு. இரண்டாவது துண்டைப் பூசாரி, வழக்கப்படி கருவாட்டுக் குழம்பில் தொட்டு வாயில் போட்டார். பிறகு அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. பம்பையை நிறுத்திவிட்டார்கள். ஊரே அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, "வெல்லம்" என்றார்.

"அண்ணாத்தே, அம்மனுக்குக் கூளு ஊத்தச் சொன்னா அல்வா கிண்டிக்கினு வந்து கீற" என்று வேதகிரி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "இத்தோட சரி. மொதக் கொடம் இனிமே எங்க வூட்டுது. இன்னா சொல்றீங்கோ?"

கூட்டம் என் மனைவியைப் பார்த்தது. அவள், "என் கை இன்னும் கொஞ்ச நாள்ல கூடிடும். இந்த மனுசன் மண்டைக்கு எந்த ஆஸ்பத்திரிலயும் மாவுக்கட்டு கெடையாது" என்றாள். சிரித்தார்கள், ஐயா. தலையில் குடம் வைத்திருந்த நாற்பது பேரும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்போதும் நான் தங்கள் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு பத்திரிகையின் பெயரைச் சந்திக்கு இழுக்க வேண்டாம் என்ற பெருந்தன்மைதான்.

அந்தப் பெருந்தன்மை வெள்ளிக்கிழமை வரைதான் தாங்கும். வெல்லம் தாங்கள் சொன்னது, பத்து நிமிடம் தாங்கள் சொன்னது, முன்னேற்பாடு வேண்டாம் என்றது தாங்கள். குடத்தை மட்டும்தான் நான் கொடுத்தேன். ஆகவே அந்தக் கஞ்சி தங்களுடையது என்று தாங்கள் ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அடுத்த இதழிலும் "இது அம்மனுக்கு ஆகாது" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் பேருந்து ஏறி நேரில் வருவேன். அண்டாவில் ஒட்டியதைச் சுரண்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுவருவேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் எங்கள் அம்மன் நல்ல பசியையும், அதைத் தாங்குகிற பொறுமையையும் தரட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தலை குனியாத,
பொ. தாமோதரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பூசாரியும் வேதகிரியும் வந்தார்கள். வேதகிரி வாசலிலேயே நின்று காலால் மண்ணைக் கிளறினான். "எங்க வூட்டுப் பசங்க மூணு நாளா அந்த அல்வாதான் வோணும்னு அளுவுதுங்கோ, பேஜாராப் பூட்ச்சு. எப்டிண்ணா கிண்டின?" என்றான். அன்றைக்குப் பிள்ளைகள் கூழைத் தொடவில்லையாம், அண்டாவைத்தான் நக்கினார்களாம். மேலண்டைத் தெருவிலும் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக் கூட்டம் கிடையாது. முதல் குடம் எனக்கே. ஆனால் வருடா வருடம் அதே மாதிரி கட்டியாக வர வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். ஆகவே மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். கஞ்சி தங்களுடையது என்று தயவுசெய்து எங்கும் எழுதிவிடாதீர்கள். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எந்தப் புத்தகத்தையும் நான் பிரித்ததே இல்லை என்று பூசாரியிடம் அம்மன் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். உள்ளே ராணியம்மாள் இருமினாள்; அதை யாரும் கவனிக்கவில்லை. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும். அனுப்பாமலே இருந்திருப்பேன், தபால்தலை ஒட்டிவிட்டேன்.